முந்நூறு லிட்டர்

நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் பிரித்தார்கள்.
கார் அவனுக்கு, சலவை இயந்திரம் எனக்கு,
கரண்டிகூட ஆளுக்கு ஆறு.
மீன்தொட்டி வந்தபோது
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாள்.
எவ்வளவு கனம்?
முந்நூறு லிட்டர் உப்புநீர்,
அறுபது கிலோ பாறை, பவளம், மூன்று மீன்.
இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினாள்.

அதனால் வியாழன்தோறும் வருகிறான் ப்ரோகோப்,
ஒரு கையில் உப்பு வாளி, மறு கையில் கழற்றிய பூட்ஸ்.
"அஹோய்" என்கிறான் வாசலில்.
கப்பல்காரர்கள் கூவும் சொல்.
கடலே இல்லாத எங்கள் நாட்டில்
தபால்காரனும் பக்கத்து வீட்டுப் பையனும்
விவாகரத்தான புருஷனும்
அதைச் சொல்லித்தான் கதவைத் திறக்கவைக்கிறார்கள்.

நவம்பரில் முதல் புழு.
துரு நிறம். வெட்டிய நகத்துண்டு அளவு.
கண்ணாடியில் தட்டையாய் ஒட்டி
விளக்கு காய்ந்துகொண்டிருந்தது.
ஒன்றுதானே என்று விட்டேன்.
தன்னையே கிழித்து இரண்டாகும் வகை அது,
ஜோடி வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம்.
ஜனவரியில் பாறை முழுக்கச் செங்கல்தூள்.
பவளம் விரித்த விரல்களை மடக்கிக்கொண்டது.

அதே வாரம் மஞ்சள் மீன்மேல் வெள்ளைப் புள்ளி,
யாரோ ரவை தூவியதுபோல்.
பாறையில் விலாவை உரசி உரசி ஓடியது.
செம்பு மருந்து அதைப் பிழைக்கவைக்கும்,
பவளத்தைக் கொல்லும்.
நாங்கள் வாங்கி வைத்து
ஒரு நாளும் பயன்படுத்தாத நீலக் குழந்தைத்தொட்டியில்
அதைத் தனியே வைத்தேன்.
பிடிக்க இரண்டு மணி நேரம், ஒரு நூடுல்ஸ் வடிகட்டி,
அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி மூன்று வசவு.
கோமாளி மீன் இரண்டும் கடைசிவரை கையில் சிக்கவில்லை.

புழு மருந்து த்ரஹோமீரா தந்தாள்.
ஓபாவா பக்கம் பன்றிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள்,
என் டிராமில் காலை ஐந்து ஐம்பதுக்கு ஏறுவாள்.
"கொல்வது சுலபம்" என்றாள், கம்பியைப் பிடித்தபடி.
"உடம்பெல்லாம் விஷம். உயிரோடிருக்கும்வரை உள்ளேயே வைத்திருக்கும்,
சாகும்போது மொத்தமாய்க் கக்கும்.
முதலில் ஆளைக் குறை."

பதினொரு இரவு ஆளைக் குறைத்தேன்.
எட்டாம் நம்பர் வண்டியை டெப்போவில் விட்டு,
சீருடையோடு மண்டியிட்டு,
ஒல்லிக் குழாயை வாயால் உறிஞ்சி
ஊறுகாய்ப் புட்டிக்குள் இறக்கினேன்.
இருமுறை விழுங்கியும் விட்டேன்.
க்ரொயேஷியாவுக்குப் போன கோடையில்
நீரில் இறங்க மறுத்து மணலில் புழுக்கத்தோடு கிடந்தவள் நான்.
கடல் என் நாக்குக்கு வந்தது
நான்காவது மாடியில், இரவு ஒன்றரைக்கு.

வியாழன் மருந்தைக் கலந்தோம்.
பிடி விட்டு விட்டு விழுந்தன,
பம்ப் வேகத்தில் துருப்பனி சுழன்றது.
இத்தனையா மிச்சம் என்றான்.
நீர் மஞ்சளித்தது.
கோமாளிகள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன.
"கரி!" என்று கத்தினேன்.
அவன் ஏற்கெனவே பையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

ஓஸ்த்ரவா கரி தோண்டிய ஊர்.
ஜன்னலில் தெரியும் சுரங்கக் கோபுரத்துக்கு
இப்போது டிக்கெட் வாங்கி ஏறுகிறார்கள்.
ப்ரோகோப்பின் அண்ணனுக்கு மூச்சு
மாடிப்படி இரண்டுக்கு மேல் தாங்காது.
கரி நஞ்சை இழுத்துக்கொள்ளும் என்பதை
இங்கே யாரிடமும் சுலபமாய்ச் சொல்லிவிட முடியாது.
ஆனால் இழுத்தது.
வாளி வாளியாய்ப் பழைய நீரைக் கழிப்பறையில் ஊற்றினோம்,
புது நீரை ஊற்றினோம்,
கம்பளம் நனைந்தது, கீழ்வீட்டுக்காரி துடைப்பத்தால் இடித்தாள்,
விடியும்வரை எங்கள் பேச்சு
"தூக்கு", "இறக்கு", "மெல்ல" மட்டும்.
திருமணத்தில்கூட இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

பெரிய கோமாளி செத்தது.
சின்னது பிழைத்தது.
பூட்ஸை மாட்டிக்கொண்டு "அஹோய்" என்றான்.
போகும்போதும் எங்களுக்கு அதே சொல்தான்.

மஞ்சள் மீன் இன்னும் நீலத்தொட்டியில்,
புள்ளி இல்லை, பசி இருக்கிறது.
இன்று செவ்வாய்.
வடக்கு மூலைக் கண்ணாடியில் ஒரு துருப்பொட்டு.
உள்ளே கைவிட்டால் எட்டும்.
குழாய் சமையலறையில் இருக்கிறது.
தேநீர் ஆறுகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.